திருவையாற்றின் கதவைத் திறந்த அம்மையார்

தை மாதத்தில் தஞ்சையிலிருந்து திருவையாற்றுக்குப் பேருந்தில் சென்ற மாணவியர் நம்மில் பலர் இருப்பர். சுமார் பதின்மூன்று கிலோமீட்டர் தொலைவுதான். ஆனால் அச்சிறு தொலைவுக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைக் கடந்துவிடுகிறோம். இருபுறமும் சம்பா நெல் முற்றித் தலைசாய்ந்து நிற்கும். சில வயல்களில் அறுவடை தொடங்கிக் களத்து மேட்டில் வைக்கோல் ஏறிக்கொண்டிருக்கும். அறுவடை நாட்களில் ஊருக்குள் வருபவர்கள் பெரும்பாலும் கூலியாட்களும் நெல் வியாபாரிகளுமே. ஆனால் தை மாதத்தையொட்டிச் சில நாட்கள் மட்டும், வயலோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு பெருங்கூட்டம் அந்தப் பேருந்துகளை நிறைத்துக்கொண்டு வருகிறது. கையில் தம்புராவும் வயலின் பெட்டியும் வைத்திருப்போர், குழந்தையை இடுப்பில் ஏந்திய தாய்மார், கண்ணாடி அணிந்த முதியோர், கடல் கடந்த நாடுகளிலிருந்து வந்தவர்கள் என அனைவரும் ஒரே இடத்தை நாடிச் செல்கின்றனர். காவிரிக் கரையில் உள்ள தியாகராஜ சுவாமிகளின் சமாதியே அவ்விடம்.

நம் காவிரிப் படுகை விருந்தினருக்குப் புதிய நாடன்று. வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் மக்கள் காலங்காலமாக வந்தவண்ணம் இருக்கின்றனர். ஆயினும் ஒருவர் பாடிவைத்த பாட்டுக்காகவே மக்கள் ஓர் ஊரைத் தேடி வருவது என்பது சற்றே அரியது. உலகில் அப்படிச் சில ஊர்கள் உண்டு. ஆஸ்திரியாவில் மொசார்ட் பிறந்த சால்ஸ்பர்க் நகரம் ஒன்று. மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான ஜமைக்கா மற்றொன்று. ரெகே என்னும் இசை அத்தீவின் எளிய மக்களிடையே பிறந்து வளர்ந்தது. பாப் மார்லி என்னும் பாடகர் அதை உலகெங்கும் கொண்டு சென்றார். 1981-ஆம் ஆண்டு அவர் மறைந்த பின்னர், கிங்ஸ்டன் நகரில் அவர் வாழ்ந்த வீட்டை 1986-இல் அவருடைய மனைவி ரீட்டா மார்லி ஒரு காட்சிசாலையாக்கினார். கடற்கரை வெயிலுக்காக ஜமைக்கா செல்வோரில் பலர் இன்று அந்த வீட்டையும், நைன் மைல் என்ற சிற்றூரில் உள்ள அவருடைய கல்லறையையும் கண்டு திரும்புகின்றனர்.

பாட்டு ஓர் ஊரில் பிறந்தால் மட்டும் போதாது; அந்த இடத்தைக் காத்து, வருவோருக்குக் கதவைத் திறந்து வைக்கவும் ஒருவர் வேண்டும் என்பதை இதிலிருந்து அறிகிறோம். திருவையாற்றில் அந்தப் பணியைச் செய்தவர் ஒரு பெண்மணி. அவர் தஞ்சையில் பிறந்தவரல்லர்; தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவருமல்லர். அவர்தாம் பெங்களூர் நாகரத்தினம்மாள். தாம் கட்டிய கட்டடத்தின் முன்னால் தாமே பாட உரிமையின்றி நின்றவர் அவர். அந்த உரிமையைத் தமக்கு மட்டுமின்றித் தமக்குப் பின்வரும் எல்லாப் பெண்களுக்குமாகப் பெற்றுத் தந்தவரும் அவரே. அவருடைய வாழ்க்கையை நம் மாணவியர் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ளுதல் நலம்.

கபினிக் கரையில் பிறந்த குழந்தை

மைசூரை அடுத்த நஞ்சன்கூடு என்னும் ஊர் கபினி ஆற்றங்கரையில் உள்ளது. கபினி காவிரியில் கலக்கும் ஆறு. அந்த ஊரில் 1878-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 3-ஆம் நாள் நாகரத்தினம் பிறந்தார். தாயின் பெயர் புட்டலட்சுமி. கோயிலிலும் அரசவையிலும் பாடுவதையும் ஆடுவதையும் தொழிலாகக் கொண்ட தேவதாசிக் குலத்தில் தோன்றியவர். தந்தை சுப்பாராவ் ஒரு வழக்கறிஞர். குழந்தை பிறந்த சிறிது காலத்திலேயே அவர் தாயையும் சேயையும் கைவிட்டுவிட்டார்.

ஆதரவற்ற அத்தாய், மைசூரில் வாழ்ந்த திம்மய்ய சாஸ்திரி என்னும் வடமொழி அறிஞரிடம் அடைக்கலம் புகுந்தார். அவர் குழந்தைக்கு வடமொழியும் பிறவும் கற்பித்தார். சிறுமியின் நினைவாற்றல் கண்டோரை வியக்கச் செய்தது. ஆனால் அந்த ஆதரவும் நீடிக்கவில்லை. அறிஞரின் மனம் மாறியது. தாயும் மகளும் மீண்டும் வீதிக்கு வந்தனர்.

வேறொருத்தியாயிருந்தால் கலங்கி நின்றிருப்பாள். புட்டலட்சுமியோ உறுதி பூண்டார். தம் மகள் கல்வியிலும் கலையிலும் சிறந்து விளங்கினாலன்றி மைசூர் மண்ணை மிதிப்பதில்லை என்பதே அவ்வுறுதி. தமிழ்நாட்டில் சில காலம் அலைந்து திரிந்த பிறகு பெங்களூர் சென்று, முனுசாமப்பா என்னும் இசையாசிரியரிடம் மகளைச் சேர்த்தார். தியாகராஜ சுவாமிகளின் சீடர் பரம்பரைகளுள் ஒன்று வாலாஜாபேட்டையில் வேர்விட்டது. முனுசாமப்பா அந்தப் பரம்பரையைச் சேர்ந்தவர். எனவே நாகரத்தினம் திருவையாற்றைக் காண்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, திருவையாற்றில் பிறந்த பாடல்கள் அவர் நாவில் குடியேறிவிட்டன.

பதினான்கு வயதில் நாகரத்தினம் தாயை இழந்தார். அடுத்த ஆண்டிலேயே கற்றோர் நிறைந்த அவையில் அவருடைய அரங்கேற்றம் நிகழ்ந்தது. பின்னர் மைசூர் அரசவையிலும் பாடி மதிப்புப் பெற்றார். அன்னை பூண்ட உறுதி நிறைவேறியது. அதைக் கண்குளிரக் காணத்தான் அந்த அன்னை உயிருடன் இல்லை.

சென்னையில் புகழ்

இளமையிலேயே நாகரத்தினம்மாள் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அக்காலத்தில் இசைக்குச் சென்னையே தலைநகராக மாறிக்கொண்டிருந்தது. அரசவைகள் மங்கிய பிறகு, செல்வர் இல்லத் திருமணங்களும் சபாக்களும் கலைஞர்களை ஆதரித்தன. கிராமபோன் தட்டுகள் நம் நாட்டுக்கு வந்த புதிதிலேயே அவற்றில் பாடிய பெண்மணிகளுள் இவரும் ஒருவர். கன்னடம், தெலுங்கு, தமிழ், வடமொழி ஆகியவற்றில் புலமை பெற்றிருந்தார். இசைக் கச்சேரியோடு, இசையும் கதையும் கலந்த ஹரிகதையும் நிகழ்த்தினார். வித்யாசுந்தரி என்ற பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பொருளும் மிகுதியாகச் சேர்ந்தது. வருமான வரி செலுத்திய கலைஞர் என்று அந்நாளில் மக்கள் அவரைச் சுட்டிக் காட்டிப் பேசினர்.

பாட்டில் மட்டும் மூழ்கியிருந்தவர் அல்லர் அவர், ஏடுகளையும் ஆராய்ந்தார். தஞ்சையை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் ஆண்ட 18-ஆம் நூற்றாண்டில், முத்துப்பழனி என்னும் பெண் புலவர் ஒருவர் அரசவையில் இருந்தார். ராதிகா சாந்த்வனமு என்னும் தெலுங்குக் காவியத்தை இயற்றியவர் அவர். அக்காவியம் ஒருமுறை அச்சாகி வந்தபோது, புலவர் தம் குடும்பத்துப் பெண்களைப் போற்றிப் பாடியிருந்த பகுதி விடப்பட்டிருந்தது. நாகரத்தினம்மாள் பழைய ஏட்டுச் சுவடியைத் தேடிப் பெற்று ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு பெண் புலவரின் குலமும் வரலாறும் மறைக்கப்பட்டிருப்பதைக் கண்டு வருந்தினார். 1910-ஆம் ஆண்டு, சென்னையிலிருந்த வாவிள்ள பதிப்பகத்தின் வழியே முழுக் காவியத்தையும் பதிப்பித்தார்.

அதற்குக் கடும் எதிர்ப்புக் கிளம்பியது. காவியத்தில் சிருங்காரச் சுவை மிகுதி என்றும், அது பெண் ஒருத்தி எழுதத் தகாதது என்றும் அக்காலத்துச் சான்றோர் சிலர் கண்டித்தனர். அதே சுவையில் பாடிய ஆண் புலவர்களைப் போற்றிவிட்டு, ஒரு பெண்ணைக் கண்டதும் மட்டும் நாணம் பற்றிப் பேசுவது எவ்வகையில் நியாயம் என்று அம்மையார் வினவினார். ஆங்கில அரசாங்கம் 1911-இல் அந்நூலைத் தடை செய்து படிகளைக் கைப்பற்றியது. நாடு விடுதலையடைந்த 1947-ஆம் ஆண்டில்தான் தடை நீங்கியது. அம்மையாருக்கும் தஞ்சை மண்ணுக்கும் ஏற்பட்ட முதல் உறவு இதுவே எனலாம். ஒரு தஞ்சைப் பெண்ணின் அழிக்கப்பட்ட பெயரை மீட்டுத் தர அவர் முயன்றார். அடுத்து அவர் மீட்கவிருந்தது அழிந்துகொண்டிருந்த ஒரு சமாதியை.

புதர் மூடிய சமாதி

தியாகராஜ சுவாமிகள் 1767-ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தார். வாழ்நாளில் பெரும்பகுதியைத் திருவையாற்றில் திருமஞ்சன வீதியில் உள்ள எளிய வீட்டில் கழித்தார். அரசவையின் பொருளை நாடாமல், வீதியில் பாடிச் சென்று பெற்ற அரிசியைக் கொண்டே வாழ்ந்தவர் என்று அவர் வரலாறு கூறும். 1847-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் அவர் மறைந்தார். முன்னதாகவே துறவு பூண்டிருந்தபடியால் காவிரிக் கரையில் அடக்கம் செய்யப்பெற்றார். அவ்விடத்தில் ஒரு சிறு பிருந்தாவனம் எழுந்தது.

சீடர்கள் பல ஊர்களுக்குப் பிரிந்து சென்றனர். பாடல்கள் வாலாஜாபேட்டையிலும் தில்லைஸ்தானத்திலும் உமையாள்புரத்திலும் தழைத்தன. சமாதியோ கவனிப்பாரின்றிக் கிடந்தது. உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் 1903-இல் அதைத் தேடிக் கண்டு செப்பனிட்டனர். அதன்பின் ஆண்டுதோறும் தை மாதத்தையொட்டி அங்கே ஆராதனை நடக்கலாயிற்று. ஆனால் நடத்தியவர்களுக்குள் விரைவிலேயே பிளவு ஏற்பட்டது. பெரிய கட்சி, சின்னக் கட்சி என இரண்டு பிரிவுகள் தனித்தனியே விழா எடுத்தன. விழாவுக்கு ஆள் இருந்தார்கள். சமாதியைப் பேண மட்டும் ஆளில்லை.

1921-ஆம் ஆண்டு நாகரத்தினம்மாளுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் மைசூரைச் சேர்ந்த இசைமேதை பிடாரம் கிருஷ்ணப்பா. திருவையாறு சென்றிருந்த அவர், அங்கே சமாதி கிடந்த நிலையைக் கண்டு மனம் நொந்து எழுதியிருந்தார். கடிதத்தைப் படித்த அம்மையாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அப்போது அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. பேரும் பொருளும் உச்சியில் இருந்த காலம். இசை கேட்டு மகிழ்ந்து, அவ்வப்போது நன்கொடை கொடுத்துவிட்டு, சென்னையிலேயே இனிது வாழ்ந்திருக்கலாம். அவரோ உடனே புறப்பட்டுத் திருவையாறு வந்தார்.

வந்து கண்டது புதரும் குப்பையுமே. நிலம் வேறொருவர் உடைமையாக இருந்தது. முதலில் நிலத்துக்குரியவர்களிடம் பேசி, இடத்தைப் பெற்றார். 1921 அக்டோபரில் கட்டட வேலைக்கு அடிக்கல் நாட்டினார். செங்கல்லும் சுண்ணாம்பும் கூலியும் அவர் கைப்பொருளிலிருந்து வந்தவை. பணம் குறைந்தபோது கச்சேரி செய்து சேர்த்தார். நகைகளை விற்றார்; வீட்டையும் விற்றார். தியாகராஜ சுவாமிகளின் சிலையொன்றைச் செய்வித்து அங்கே நிறுவினார். 1925-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் குடமுழுக்கு நடந்தேறியது. நாள்தோறும் வழிபாடு நடக்கவும் ஏற்பாடு செய்தார். காவிரிக் கரைக்கு வருவோர் நின்று வணங்க ஒரு நிழல் உண்டாயிற்று.

வாசலில் நின்ற பெண்

இங்கேதான், மாணவியரே, நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். நிலத்தைப் பெற்றவர் ஒரு பெண். கட்டடம் எழுப்பியவர் ஒரு பெண். ஆனால் ஆராதனை நாளில் அந்தச் சமாதியின் முன் அமர்ந்து பாடும் உரிமை பெண்களுக்கு இல்லை! இரு கட்சியினரும் பல செய்திகளில் மாறுபட்டிருந்தனர். பெண்களைப் பாட விடுவதில்லை என்பதில் மட்டும் ஒன்றுபட்டிருந்தனர். நாதசுவரக் கலைஞர்களும்கூட மேடையேறி வாசிக்க இயலாத காலம் அது. அம்மையார் ஹரிகதை நிகழ்த்த அனுமதி கேட்டார், மறுக்கப்பட்டது.

அவர் என்ன செய்திருக்கக்கூடும்? தாம் கட்டிய கட்டடத்தின் கதவைப் பூட்டி மற்றவர்களை வெளியே நிறுத்தியிருக்கலாம். அல்லது மனம் கசந்து சென்னைக்கே திரும்பியிருக்கலாம். இரண்டையும் அவர் செய்யவில்லை. 1927-ஆம் ஆண்டு, சமாதியின் முன்புறத்தில் ஆண்கள் பாடிக்கொண்டிருக்க, பின்புறத்தில் பெண்களைக் கூட்டித் தாமும் ஓர் ஆராதனையைத் தொடங்கினார். மக்கள் அதைப் பெண்கள் கட்சி என்று அழைத்தனர். இசைத்தொழில் செய்த பெண்கள் பல ஊர்களிலிருந்தும் வந்து அங்கே பாடினர். ஆண்டுதோறும் இது தொடர்ந்தது. முன்புறம் இடமில்லை என்றவர்களின் காதுக்குப் பின்புறத்திலிருந்து அதே தியாகராஜரின் பாட்டு எட்டியது. வசைக்கு வசை கூறாமல், பாட்டுக்குப் பாட்டால் விடை கூறினார் அம்மையார்.

அதே 1927-ஆம் ஆண்டில் வேறொரு சோதனையும் வந்தது. சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் வேண்டும் என்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் குரல் எழுப்பினார். பெண் குழந்தைகளின் நல்வாழ்வை எண்ணி அவர் நடத்திய அப்போராட்டம் மிகப் பெரியது. நாகரத்தினம்மாளோ சென்னை மாகாணத் தேவதாசியர் சங்கத்தின் தலைவராய் நின்று அச்சட்டத்தை எதிர்த்தார். ஒரு குலம் முழுவதையும் இழிந்ததென்று முத்திரையிட்டால், அக்குலத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த கலையும் கல்வியும் சொத்துரிமையும் என்னாகும் என்பது அவருடைய கவலை. 1947-இல் சட்டம் நிறைவேறியது. அது நன்மையே செய்தது. ஆயினும் அம்மையாரின் கவலையும் வெறும் பிடிவாதமன்று. மேடையில் அமர்ந்து பாடும் பெண்ணை மதிக்கச் சமுதாயம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அதன் உட்பொருள். சமாதியின் பின்புறத்தில் ஆண்டுதோறும் அவர் பாடிக் கேட்டதும் அந்த மதிப்பைத்தான். எதிரெதிரே நின்ற இவ்விரு பெண்மணிகளும் பெண்ணின் மானத்துக்காகவே வாதாடினர் என்பதை இன்று நாம் அமைதியாக நோக்கும்போது உணர்கிறோம்.

ஒன்றான மூன்று கட்சிகள்

பத்து ஆண்டுகளுக்கு மேலாகத் திருவையாற்றில் மூன்று கட்சிகளும் மூன்று விழாக்களும் நடந்தன. கேட்க வந்த மக்களுக்கு எங்கே செல்வது என்று தெரியாத நிலை. இசைவாணர்களுக்கோ ஒரு பக்கம் பாடினால் மறுபக்கத்தாரின் வருத்தத்துக்கு ஆளாகும் சங்கடம். முடிவில் 1940-ஆம் ஆண்டையொட்டி, முசிரி சுப்பிரமணிய ஐயர், அரசாங்க உயர் அலுவலராய் இருந்த எஸ். ஒய். கிருஷ்ணசாமி முதலியோர் முயன்று அனைவரையும் ஒன்று சேர்த்தனர். தியாகப்பிரம்ம மகோற்சவ சபை உருவாயிற்று. பெண்களும் பாடலாம் என்பது அந்த ஒற்றுமையால் விளைந்த பயன். முன்வாசல் திறந்தது!

ஆராதனையன்று நாம் காணும் பெரிய காட்சியும் இந்த ஒற்றுமைக்குப் பிறகு நிலைபெற்றதே. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து ராகங்களில் தியாகராஜர் இயற்றிய பஞ்சரத்தினக் கிருதிகளை இசைவாணர்கள் அனைவரும் வரிசை வரிசையாகத் தரையில் அமர்ந்து ஒரே குரலாகப் பாடுகின்றனர். பெரும்புகழ் பெற்ற வித்துவானும் நேற்றுக் கற்கத் தொடங்கிய சிறுமியும் அருகருகே அமர்கின்றனர். அங்கே ஒருவர் குரல் தனித்துக் கேட்பதில்லை. தனித்தனிக் கட்சிகளாய் நின்று பாடிய ஊரில் இவ்வாறு ஆயிரம் குரல்கள் ஒன்றாவது பொருத்தமே அன்றோ!

இறுதிக் காலம்

நாகரத்தினம்மாள் தம் பிற்கால வாழ்வைத் திருவையாற்றிலேயே அமைத்துக்கொண்டார். பட்டும் வைரமும் அணிந்து அவைகளில் விளங்கிய அவர், சமாதிக்கு அண்மையில் எளிய வாழ்க்கை வாழ்ந்தார். தியாகராஜரின் வாழ்க்கைச் செய்திகளை அமைத்து, நூற்றெட்டுத் திருநாமங்களால் போற்றும் நாமாவளி ஒன்றை வடமொழியில் இயற்றினார். தியாகசேவாசக்தா என்ற பட்டம் அவரை வந்தடைந்தது. எஞ்சிய உடைமையைச் சமாதியின் பராமரிப்புக்காக அறக்கட்டளையாக எழுதிவைத்தார். பெண்கள் அங்கே வழிபடவும் பாடவும் உள்ள உரிமை என்றும் தடைபடக் கூடாது என்பதை அதில் வற்புறுத்தினார். ஒருமுறை திறந்த கதவு மீண்டும் சாத்தப்பட்டுவிடலாம் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்!

1952-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள் அவர் மறைந்தார். தியாகராஜரின் சமாதிக்கு அருகிலேயே அவருக்கும் நினைவிடம் எழுந்தது. அங்கே அவருடைய சிலை தியாகராஜரின் சந்நிதியை நோக்கியவாறு அமைந்துள்ளது. வாழ்நாளில் பின்புறத்தில் அமர்ந்து பாட நேர்ந்தவர், இன்று எதிரே அமர்ந்து எல்லார் பாட்டையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இன்றைய திருவையாறு

ஆராதனை நாட்களில் திருவையாற்றின் தோற்றமே மாறிவிடுகிறது. காவிரி மணலை ஒட்டிப் பந்தல் எழுகிறது. தியாகராஜர் வாழ்ந்த வீட்டிலிருந்து பாடிக்கொண்டே ஊர்வலம் சமாதிக்கு வருகிறது. வானொலியும் தொலைக்காட்சியும் நிகழ்ச்சியை நாடெங்கும் பரப்புகின்றன. தஞ்சையில் தங்கும் விடுதிகள் நிறைகின்றன. பேருந்துகள் கூடுதலாக ஓடுகின்றன. வந்தவர்கள் ஊர் திரும்புமுன் திருவையாற்றின் அசோகா அல்வாவைப் பொட்டலம் கட்டி வாங்கிச் செல்கின்றனர். பூக்காரியும் தேநீர்க் கடைக்காரரும் வாடகை வண்டி ஓட்டுபவரும் அந்நாட்களில் நாலு காசு கூடுதலாகக் காண்கின்றனர். ஆற்றுநீரையும் நெல்லையும் நம்பி வாழும் ஊருக்குப் பாட்டும் ஒரு விளைச்சலாகிவிட்டது.

பாட்டு கடல் கடந்தும் சென்றது. அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் 1978-ஆம் ஆண்டு முதல் தியாகராஜ ஆராதனை நடந்து வருகிறது. அங்கே பிறந்து வளர்ந்த நம்மவர் பிள்ளைகள், பஞ்சரத்தினத்தைக் கற்றுக்கொண்டு, அது பிறந்த ஊரைக் காண ஆவலோடு திருவையாற்றுக்கு வருகின்றனர். அவர்களுள் பாதிக்கு மேல் பெண்களாக இருப்பதை நாம் இயல்பாகவே எடுத்துக்கொள்கிறோம். நூறு ஆண்டுகளுக்கு முன் அது இயல்பாய் இருக்கவில்லை என்பதை மட்டும் மறந்துவிடலாகாது.

அன்பு மாணவியரே, நாகரத்தினம்மாளின் வாழ்க்கை நமக்கு உணர்த்துவது யாது? அவரைத் தந்தை கைவிட்டார், ஆசிரியர் வெளியேற்றினார், அரசு அவர் பதிப்பித்த நூலைத் தடுத்தது, விழா நடத்தியவர்கள் வாசலில் நிறுத்தினர். ஒவ்வொரு முறையும் அவர் கையில் எஞ்சியிருந்தது கல்வி ஒன்றே. அந்தக் கல்வியால் பெற்ற பொருளை அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. தமக்கு இடம் மறுக்கப்பட்ட ஊரிலேயே மற்றவர்களுக்கு நிழல் அமைத்துக் கொடுத்தார். தாம் நுழைந்தபின் கதவைச் சாத்திக்கொள்ளவும் இல்லை.

அடுத்த தை மாதத்தில் உங்கள் பெற்றோருடன் திருவையாறு செல்லும் வாய்ப்புக் கிடைத்தால், பெரிய சமாதியை வணங்கியோ கண்டோ திரும்பிவிடாமல், அதற்கு எதிரே உள்ள சிறிய நினைவிடத்தின் முன்னும் ஒரு நிமிடம் நில்லுங்கள். பந்தலிலிருந்து பெண்களின் குரல் கேட்கும். கபினிக் கரையில் பிறந்து காவிரிக் கரையில் அடங்கிய அந்த அம்மையார் ஏற்றிவைத்த விளக்கின் ஒளி அது என்பதை அப்போது உணர்வீர்கள்.